கால் மணி நேர இடைவெளி

(கண் உலர்வுக்கான சொட்டு மருந்துகள் குறித்து அம்பாசமுத்திரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கண் உலர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ பஸ் ஏறப் போகிறவர்கள் மருந்துக்கடையில் கேட்கும் கடைசிக் கேள்வி அநேகமாகப் பத்தியத்தைப் பற்றியதாகவே இருக்கும். கருவாடு ஆகுமா, கத்தரிக்காய் ஆகுமா, சுகர் மாத்திரையோடு சேருமா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. மருந்து தனியாக வேலை செய்வதில்லை. கூடவே உள்ளே போகிற மற்றவையும் அதன் பலனைக் கூட்டும், குறைக்கும், சமயத்தில் கெடுக்கும் என்ற பழைய அறிவு அந்தக் கேள்வியில் இருக்கிறது. நவீன மருந்தியல் சொல்வதும் அதையேதான். ஆனால் கண் உலர்வு மருந்தைப் பொறுத்தவரை நாம் இடம் மாற்றித் தேடுகிறோம். வயிற்றில் தேடுகிறோம், தேட வேண்டியது இமைக்குள்ளே. இந்த மருந்துக்கு உண்மையான இடைஞ்சல் சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவது மிக அரிது. அதே கண்ணில், அதே கால் மணி நேரத்துக்குள், மருந்து என்றே எண்ணாமல் நாம் விடுகிற இன்னொரு பொருளிலிருந்து அது வருகிறது. இதற்கான ஆதாரங்களையும், எதிர்த்துச் சொல்லப்படுபவற்றுக்கு என் பதில்களையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கண் உலர்வு என்றால் கண்ணில் நீர் வற்றிப்போவது என்று மட்டும் நினைக்கிறோம். கண்ணீர் எந்நேரமும் வழிகிறவருக்கும் இந்த நோய் இருக்கக்கூடும். கருவிழியின் மேல் எண்ணெய், நீர், சளி ஆகியவை சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதன் சமநிலை குலைந்தால் கண்ணின் மேற்பரப்பு காய்கிறது, காய்ந்த இடத்தில் அழற்சி வருகிறது, அழற்சி அந்தப் படலத்தை மேலும் குலைக்கிறது. உலர் கண் ஆய்வாளர்களின் பன்னாட்டு அறிக்கை 2017-இல் வந்தபோது நோயின் இலக்கணத்தை இந்தச் சமநிலைக் குலைவை வைத்துத்தான் எழுதியது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதற்கான சூழல் குறைவில்லாமல் இருக்கிறது. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று, பிசான அறுவடையில் பறக்கும் நெல் சுணை, முக்கூடல் பக்கத்துப் பீடித் தொழிலின் புகையிலைத் தூள், எல்லா வீட்டிலும் இரவு வரை அணையாத செல்போன் திரை எல்லாம் கண்ணைத் தாக்குகின்றன. மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரை நோயாளிகள், முடக்குவாதம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்த நோய் வர வாய்ப்பு இன்னும் அதிகம்.

லேசான உலர்வுக்குச் செயற்கைக் கண்ணீர் போதும். அழற்சி வேரூன்றிவிட்டால் டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மருந்துகள் தேவைப்படுகின்றன. அவற்றில் முக்கியமானது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மலைச்சமவெளி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அதன் குணத்தை 1970-களில் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் கண்டறிந்தார்கள். மாற்று சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரையாக அது உலகப் புகழ் பெற்றது. 0.05 சதவீதச் சொட்டு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002 டிசம்பரில். இங்கேதான் முதல் அச்சம் எழுகிறது. மருந்தின் பெயரைச் செல்போனில் தட்டிப் பார்ப்பவருக்கு மாத்திரைக்கு உரிய எச்சரிக்கைகள் அத்தனையும் வந்து நிற்கின்றன: இன்ன பழம் கூடாது, இன்ன ஆன்டிபயாட்டிக் கூடாது, சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடும் சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் அந்த மருந்து ஒரு மில்லிக்கு நூறு நானோகிராம் அளவில் இருக்கும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சொட்டு மருந்தை நாளுக்கு இருமுறை, 12 மாதம் வரை விட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது எல்லா மாதிரிகளிலும் அது 0.1 நானோகிராமுக்கும் கீழே, அளக்கவே முடியாத அளவில் இருந்தது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால் இந்தச் சொட்டு சுகர் மாத்திரையோடும் பிரஷர் மாத்திரையோடும் ரத்தத்தில் மோதிக்கொள்ளும் என்று பயப்படக் காரணமில்லை. கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் இதோடு வழக்கே கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு, கண்ணில் விடும் எந்த மருந்தும் உடம்புக்குள் போகாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணின் உள்முனையில் இருக்கும் சிறு துளை வழியே கண்ணீர் மூக்குக்குள் வடிகிறது. சில சொட்டுகள் தொண்டையில் கசப்பது அதனால்தான். மூக்கின் உட்பரப்பிலிருந்து மருந்து நேராக ரத்தத்துக்குப் போகும். கண் நீர் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலால் அப்படிப் போய், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். அறுபது, எழுபது வயதில் கண் உலர்வும் கண் அழுத்தமும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம். ஆகவே கேள்வியை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் பக்கத்துப் புட்டிக்குப் பொருந்தாது. மருந்தை விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். உடம்புக்குள் போவதும் குறையும். இது காசில்லாத பாதுகாப்பு.

இனி இமைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆரோக்கியமான கண்ணின் மேற்பரப்பில் எந்த நேரமும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். இமையை இழுத்துப் பிடித்து எவ்வளவு ஊற்றினாலும் 30 மைக்ரோலிட்டர் அளவுக்கு மேல் தங்காது. புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 வரை. அதாவது ஒரு சொட்டே கண்ணுக்கு அதிகம். அதோடு நிற்காமல் உடனே இன்னொரு மருந்தை விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கன்னத்துக்கோ மூக்குக்கோ தள்ளிவிடும். உரம் தூவிய கையோடு மடையைத் திறந்துவிட்டால் வயலில் என்ன மிஞ்சும் என்று கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இரண்டு சொட்டு மருந்துகளுக்கு இடையே குறைந்தது ஐந்து நிமிடம் என்கிறார்கள். சைக்ளோஸ்போரினுக்கும் செயற்கைக் கண்ணீருக்கும் இடையே 15 நிமிடம் என்று மருந்தின் உரிமக் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்தை விட்டு, அதே 15 நிமிடம் கழித்துப் போட வேண்டும்.

ஒரு கால் மணி நேரத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வயலில் நிற்பவரும், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி என்று உட்கார்ந்திருப்பவரும் மணி பார்த்து மருந்து விட முடியுமா? இதற்கு அந்த மருந்தின் பலனையே அளவுகோலாக வைத்துப் பதில் சொல்கிறேன். கண்ணின் கீழ் இமைக்குள் சிறு காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. அனுமதிக்கு முன் நடந்த சோதனைகளில், ஆறு மாதத்துக்குப் பிறகு இந்தப் பட்டை 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக நனைந்தவர்கள் சைக்ளோஸ்போரின் விட்டவர்களில் நூற்றுக்கு 15 பேர். மருந்து சேர்க்காமல் எண்ணெயும் நீரும் மட்டும் கலந்த வெறும் குழம்பு விட்டவர்களில் நூற்றுக்கு 5 பேர். பலன் உண்மையானது, ஆனால் அடக்கமானது. அதுவும் மெல்ல வருவது. முழுப் பயன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தொடக்கத்தில் சிலருக்கு எரிச்சலையும் கொடுக்கும். இவ்வளவு பொறுமை கேட்கும் மருந்தின் பாதியை ஒவ்வொரு வேளையும் அடுத்த சொட்டால் கழுவிவிட்டால், மூன்று மாதம் கழித்து மருந்து கேட்கவில்லை என்ற தீர்ப்புதான் வரும். அப்புறம் மருந்து மாறும், டாக்டர் மாறுவார், செலவு ஏறும். மணி பார்ப்பதும் அப்படியொன்றும் கடினமில்லை. காலையில் எழுந்ததும் கண் அழுத்த மருந்து, பல் விளக்கி முடித்ததும் சைக்ளோஸ்போரின், காப்பி குடித்து முடித்துச் செயற்கைக் கண்ணீர் என்று வீட்டு வேலைகளோடு கோத்துக்கொண்டால் கடிகாரம் தேவைப்படாது. வரிசையை உங்கள் டாக்டர் சொல்வார். பொதுவாக நீர்த்தது முதலில், குழம்பானது பிறகு, களிம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

புட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பொருளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பல நாள் பயன்படுத்தும் சொட்டு மருந்துப் புட்டிகளில் கிருமி வளராமல் இருக்க ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். மிகப் பரவலானது பென்சால்கோனியம் குளோரைடு. கிருமியின் உறையைக் குலைக்கும் அதே வேலையை அது கருவிழியின் மேல்தோலிலும் ஓரளவு செய்கிறது. கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தையும் கரைக்கிறது. நாளுக்கு இரண்டு சொட்டு என்றால் பெரும்பாலான கண்கள் தாங்கிக்கொள்ளும். ஆனால் கண் அழுத்தத்துக்கு இரண்டு வேளை, அலர்ஜிக்கு இரண்டு வேளை, உலர்வுக்கு ஆறு வேளை என்று மூன்று புட்டிகளிலிருந்தும் அதே பொருள் விழுந்தால், உலர்வைத் தீர்க்க விடும் சொட்டே உலர்வை வளர்க்கும். ஒவ்வொரு புட்டியையும் தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் இருக்காது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். அதனால்தான் நாளுக்கு நான்கு முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுகிறவர்களுக்கு அந்த ரசாயனம் சேர்க்காத மருந்தை எழுதுகிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் ரசாயனம் இல்லாத மருந்தையே வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு கசப்பான பாடம் வந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய செயற்கைக் கண்ணீர், அங்கே எஸ்ரிகேர் முதலிய பெயர்களில் விற்றது. 2023 பிப்ரவரியில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. மருந்துகளுக்கு மடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, 18 மாகாணங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டதாக அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னர் கணக்குச் சொன்னது. 4 பேர் இறந்தார்கள். 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டி வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிய குறைகளில் ஒன்று நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துவது: பலமுறை திறந்து மூடும் புட்டியில், போதிய கிருமித் தடுப்பு இல்லாமல் மருந்து அடைக்கப்பட்டிருந்தது. ரசாயனம் இல்லாத மருந்து வேண்டுமென்றால் அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பியில் இருக்க வேண்டும், அல்லது காற்றும் கிருமியும் திரும்ப உள்ளே போகாதபடி செய்த சிறப்புப் புட்டியில் இருக்க வேண்டும். வெறும் கண்ணீர் மாதிரிதானே, இதில் என்ன ஆபத்து என்று செயற்கைக் கண்ணீரை அலட்சியமாக நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். மருந்துப் பொருள் சாதுவாக இருந்தாலும் அது பயணம் செய்யும் புட்டி சாதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பக்கத்துக் கண்களுக்குக் கிருமித் தொற்று ஏன் கூடுதல் கவலை என்பதற்குத் திருநெல்வேலியிலேயே சான்று இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் திருநெல்வேலிக் கிளையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை வந்த 3183 கருவிழிப் புண்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 34 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பூஞ்சை மட்டுமே வளர்ந்தது. பூஞ்சைப் புண் வந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது; மண்ணும் செடிகொடியும் பட்ட காயங்கள். வயலும் களமும் சூழ்ந்த பூமியில், கருவிழியில் விழும் சிறு கீறல்கூடப் பூஞ்சைக்கு வாசல். காய்ந்த கண்ணின் மேற்பரப்பு ஏற்கெனவே பழுதுபட்டிருப்பது. அந்தக் கண்ணில் நெல் தாள் உரசி, கண் சிவந்து, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுகிறோம் என்று வையுங்கள். முன்பு மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கியது, சிவப்பை ஒரே நாளில் போக்கிய நல்ல மருந்து என்று பெயர் எடுத்தது, அநேகமாக ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பைப் போக்கும். பூஞ்சையை உள்ளே வளரவும் விடும். சிவப்பு குறைந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்த ஒரு வாரம் பார்வையின் விலை. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் தனியாக வரும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. சைக்ளோஸ்போரின் தொடங்கும்போது டாக்டர்களே சில வாரத்துக்கு ஸ்டீராய்டு சொட்டையும் சேர்த்து எழுதுகிறார்களே, அப்படியானால் அது எப்படி ஆபத்து? எழுதுகிறார்கள், உண்மைதான். ஆரம்ப எரிச்சல் அடங்கவும், சைக்ளோஸ்போரின் வேலை தொடங்கும்வரை அழற்சியைப் பிடித்துவைக்கவும் எழுதுகிறார்கள். ஆனால் விளக்கொளியில் கருவிழியைப் பார்த்து, புண் இல்லை என்று உறுதி செய்த பிறகு, கண் அழுத்தத்தை அளந்துவிட்டு, இத்தனை நாள் என்று எல்லை கட்டி எழுதுகிறார்கள். அந்தச் சீட்டை நாமே நீட்டித்துக்கொள்ளும்போது மருந்து அதேதான், ஆனால் அந்தப் பரிசோதனை எதுவும் கூட வருவதில்லை. சீட்டில் எழுதிய நாள் முடிந்ததும் அந்தப் புட்டி வீட்டில் இருக்கவே கூடாது.

மிக மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய மறுப்பு இனிமேல் வருகிறது. இது பொதிகையின் அடிவாரம். அகத்தியரின் பெயரில் அருவி இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நந்தியாவட்டைப் பூவும், விளக்கெண்ணெயும், தாய்ப்பாலும், இளநீரும், பன்னீரும் தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்கு விட்டவைதானே, இவற்றை எப்படிப் புறம் தள்ளுவது என்று கேட்பார்கள். நான் பொருள்களைப் புறம் தள்ளவில்லை. இந்தப் பேச்சிலேயே மிக வியப்பான செய்தி ஒன்றைச் சொல்கிறேன்: டாக்டர் சீட்டில் எழுதித் தரும் அந்த 0.05 சதவீத சைக்ளோஸ்போரின் தண்ணீரில் கரையாது. அதைக் கரைத்து வைத்திருப்பது ஆமணக்கெண்ணெய், நம் விளக்கெண்ணெய்தான். மருந்து பால்போல வெள்ளையாக இருப்பதும் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு என்பதால்தான். குப்பியைச் சில முறை தலைகீழாகக் கவிழ்த்து, ஒரே சீரான வெண்மை வந்த பிறகே திறக்க வேண்டும். ஆக நம் பாட்டிமார்கள் தேர்ந்த எண்ணெய் தவறான எண்ணெயில்லை. ஆனால் குப்பியில் இருப்பது கிருமி நீக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்து, அளந்து சேர்த்தது. செக்கிலோ கடையிலோ வாங்கி, ஸ்பூன் விட்டு எடுத்த புட்டியிலிருந்து விரலால் தடவுவது கிருமியோடு சேர்ந்து போகிறது, பார்வையையும் மங்கவைக்கிறது, சற்று முன் விட்ட மருந்தையும் மூடிவிடுகிறது. வேலியோரத்தில் பறித்த பூவைக் கையில் கசக்கிப் பிழிந்தால் பூவில் ஒட்டிய பூஞ்சை வித்தும் சாற்றோடு இறங்கும். தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம். காயம்பட்ட கருவிழியில் அது கிருமிக்கும் உணவு. முறைப்படி தயாரித்த சித்த மருந்தைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் தந்தால், அதைக் கண் டாக்டரிடமும், கண் டாக்டர் தந்ததைச் சித்த மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவரிடம் மற்றவரை மறைப்பதுதான் இதில் தீங்கு. எண்ணெய்க் குளியலுக்கும் தடையில்லை. சீயக்காய்த் தூள் கண்ணில் இறங்காமல் பார்த்துக்கொண்டு, குளித்து முடித்த பிறகு மருந்தை விட்டால் போதும்.

வயிற்றுக்குள் போகிறவற்றைப் பற்றி முற்றிலும் கவலை வேண்டாம் என்றும் நான் சொல்லிவிட முடியாது. சில மாத்திரைகள் சொட்டு மருந்தோடு மோதுவதில்லை. ஆனால் கண்ணீரைக் குறைக்கின்றன. சளி, தும்மலுக்குச் சாப்பிடும் குளோர்பெனிரமின், செடிரிசின் போன்றவை மூக்கை உலர்த்தும்போது கண்ணையும் உலர்த்துகின்றன. சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், அடிக்கடி சிறுநீர் வருவதை அடக்கும் ஆக்சிபியூட்டினின், நீர் பிரியச் செய்யும் சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரே கடையில், ஒரே பில்லில் உலர்வுக்குச் சொட்டும் உலர்த்தும் மாத்திரையும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. இதற்காக யாரும் பிரஷர் மாத்திரையையோ மனநல மாத்திரையையோ தாமாக நிறுத்தக் கூடாது. கண் உலர்வு உயிரை எடுக்காது, ஏறிய பிரஷர் எடுக்கும். சளி மாத்திரை போல அவசியமில்லாமல் வாங்குவதைக் குறைக்கலாம். மற்றவற்றை எழுதிய டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேட்கலாம். மதுவும் இப்படித்தான்: சொட்டு மருந்தோடு அதற்கு நேரடி மோதல் இல்லை, ஆனால் உடலின் நீரை இறக்கிக் கண்ணீரை அடர்த்தியாக்குகிறது. புகை கண்ணீர்ப் படலத்தை உடைக்கிறது. புகைப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும்.

கடைசி மறுப்பு விலையைப் பற்றியது. எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவதும் இதுதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் குப்பிகள் விலை கூடியவை. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் காலையில் உடைத்த குப்பியில் மிச்சம் இருந்தால் அதை மாலைக்கு வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளாதே என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. ஆனாலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் குப்பியில் கிருமியைத் தடுக்க எதுவுமே இல்லை. பணம் தடையாக இருந்தால் குப்பியை மிச்சம் பிடிப்பதைவிட, அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிப் புட்டி மருந்தாக மாற்றிக்கொள்வது மேல். நாளுக்கு இரண்டு மூன்று வேளை மட்டுமே விடுகிறவருக்குக் கிருமித் தடுப்பு சேர்த்த சாதாரணப் புட்டியே போதுமானதாக இருக்கலாம். அந்தப் புட்டியும் திறந்த ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும், முனை இமை மயிரில் படக் கூடாது, ஒருவருடையதை இன்னொருவர் எடுக்கக் கூடாது. பீடி சுற்றிய கை, மிளகாய் அரைத்த கை, உரம் தொட்ட கை எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் நோயாளி தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் கண் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கே அவர் என்னென்ன மருந்து விடுகிறீர்கள் என்று கேட்டால் நந்தியாவட்டையும் விளக்கெண்ணெயும் பக்கத்து வீட்டுப் புட்டியும் பதிலில் வராது. அவற்றை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. கண்ணுக்குள் என்னென்ன போகிறது என்று கேட்டால்தான் வரும். மருந்துக்கடையில் இருப்பவர் புட்டியை நீட்டும்போது வேறு சொட்டு ஏதாவது விடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரையைக் கொடுக்கும்போது வீட்டில் இருக்கும் கண் மருந்துகளையெல்லாம் ஒருமுறை எடுத்து வெளியே வைக்கச் சொல்லலாம். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு மருத்துவப் படிப்பும் வேண்டாம், நீண்ட நேரமும் வேண்டாம். திறந்த தேதி எழுதாத புட்டியையும், நாள் கடந்த புட்டியையும், யாருக்கு எழுதியது என்று தெரியாத புட்டியையும் ஒதுக்கி, மிஞ்சியவற்றைப் பையில் போட்டு அடுத்த முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகச் சொன்னால் போதும். அந்தப் பையில் சின்ன டப்பாவில் அடைத்த வீட்டு மையும், பன்னீர்ப் புட்டியும் சேர்ந்தே போகட்டும்.